முள் கீழே இறங்கிய காலை

தம்பிமாருக்கு,

நான் கராஜை விட்டு விலகிய அன்று நீங்கள் கேக் வெட்டி, எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றி, "அண்ணன், உங்கட அனுபவத்தில ஒரு கதை சொல்லுங்கோ" என்று சுற்றி நின்று கேட்டீர்கள். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எல்லாரும் நல்லா இருங்கோ" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் சொல்ல வேண்டியது முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான். நாலு பேர் முன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும். கழுத்து எலும்பு தேய்ந்து, பொனற்றைத் தூக்கி எஞ்சினுக்குள் குனிய ஏலாமல் வீட்டில் இருக்கிறேன், நேரமும் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். டாஷ்போர்ட்டில் ஹீற் மீற்றர் இருக்கிறதே, அந்த முள் எதைக் காட்டுகிறது?

எஞ்சினின் சூட்டை என்பீர்கள். நானும் இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொன்னேன். முள் மேலே போனால் எஞ்சின் சூடு, கீழே கிடந்தால் எஞ்சின் குளிர்ச்சி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்தேன். ஒருவனுடைய வேலை போகப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

அந்த நாட்களில் எங்கள் கராஜில் ஒரு வழக்கம் இருந்தது. யப்பானில் ஓடிய வான் ஒன்று இங்கே வந்து முதல் சேர்விசுக்கு எங்களிடம் நுழைந்தால், நாங்கள் செய்கிற முதல் வேலை அதன் தேமோஸ்டற் வால்வைக் கழற்றுவது. எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை உள்ளேயே சுற்றவிட்டு, பிறகு றேடியேற்றருக்கு வழி திறந்து விடுகிற சின்னக் கதவு அது. "பனி கொட்டுற ஊருக்குத்தான் அது வேணும். திருகோணமலை வெயிலுக்கு என்னத்துக்கு?" என்பார் முதலாளி. கழற்றினால் தண்ணீர் எந்த நேரமும் றேடியேற்றர் வழியாகவே ஓடும். முள் கால்வாசிக்கு மேல் ஏறாது. வாகனக்காரர் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். இதற்குத் தனியாகக் கூலி வாங்கியதில்லை, வந்தவருக்குச் செய்கிற மரியாதை மாதிரிச் செய்தோம். கழற்றிய வால்வுகளைப் பால்மா வந்த தகர ரின் ஒன்றில் போட்டு வைத்திருந்தோம். ரின் நிரம்பியிருந்தது.

அன்புவழிபுரத்துப் பரமேஸ் அக்காவின் வானிலும் அதை நான்தான் கழற்றினேன். அக்காவுக்கு இரண்டு வான்கள். ஒன்று தினமும் காலையில் கிண்ணியாவிலிருந்து துறைமுகத்து வேலையாட்களை ஏற்றி வரும். அதன் சாரதி நஸீர், கிண்ணியாவைச் சேர்ந்தவன், முப்பது வயதிருக்கும். வானைத் தன் பிள்ளை மாதிரித் துடைத்து வைப்பான். எந்தச் சின்னச் சத்தம் கேட்டாலும் வந்து நிற்பான். "அண்ணன், வலப் பக்கம் பின்னுக்கு ஏதோ முனகுது" என்பான். போய்ப் பார்த்தால் முனகும்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்த வானை லொறியில் கட்டி இழுத்து வந்தார்கள். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிச் சீனக்குடாப் பக்கம் எஞ்சின் இழுவை விட்டு நின்றுவிட்டது. பொனற்றைத் திறந்ததும் எரிந்த வாடை முகத்தில் அடித்தது. கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போயிருந்தது. எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்திருக்கும் என்று கழற்றாமலே தெரிந்தது.

பரமேஸ் அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினா. ஹெல்மெற்றைக் கழற்றவில்லை.

"நான் வான் வாங்கினது ஓடுறதுக்கு. அவிக்கிறதுக்கு இல்லை. என்ன நடந்தது?"

முதலாளி முந்திக்கொண்டார். "என்ன நடக்கும்? முள் சிவப்பில நிண்டிருக்கும். தம்பி போனில நிண்டிருப்பார்."

"இல்ல முதலாளி," என்றான் நஸீர். "போன் எடுக்கல்ல. முள் ஏறவும் இல்ல. கீழ இறங்கினது."

"என்னது?"

"பாலத்துல வரக்குள்ள முள் இன்னும் கீழ இறங்கிட்டு. கடக்காத்து நல்லா அடிக்கிது, அதுதான் எஞ்சின் குளுந்துட்டு எண்டு நினைச்சன்."

கராஜில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சைலன்ஸர் ஒட்டிக்கொண்டிருந்தவன் வாகனத்துக்குக் கீழே கிடந்தபடி, "கடக்காத்தில எஞ்சின் அவிஞ்சுதாம்! அப்ப பருப்புப் பானைக்கும் ஃபான் பிடிச்சாக் காணும், அடுப்பு வேண்டாம்" என்று கத்தினான். மறுபடியும் சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. முதலாளியின் வாய் எவ்வளவு ஓடும் என்று அவவுக்குத் தெரியும். நேரே என்னிடம் வந்தா.

"நீர் சொல்லும். நீர் தேவையில்லாமல் கதைக்கிற ஆள் இல்லை. இந்தப் பெடியன் சொல்லுறது நடக்கக்கூடியதோ? இல்லாட்டி, முள் ஏறினதைப் பார்க்காமல் ஓட்டினவனோ?"

எல்லாக் கண்ணும் என் மேல். முதலாளி என்னைப் பார்த்தார், நஸீரும் பார்த்தான். நான் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தேன். "பார்க்கேல்லப் போல" என்று முதலாளி மெல்லச் சொன்னார். என் தலை ஆடியது.

அவ்வளவுதான் நான் செய்தது. வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அதிகம் கதைக்காதவன் தலையாட்டினால், சனம் அதைச் சத்தியம் மாதிரி எடுத்துக்கொள்ளும். அக்கா நஸீரிடம் கையை நீட்டினா. அவன் சாவியைக் கொடுத்தான். "திங்கக்கிழமை வேற சாரதி பார்க்கிறன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனா. நஸீர் வானுக்குள் தொங்கிய, முகம் துடைக்கிற தன் துவாயை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான். எஞ்சினை அவித்தவன் என்ற பேரோடு போனால் திருகோணமலையில் யாரும் அவனிடம் வாகனம் கொடுக்கமாட்டார்கள். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போன பிறகு ஒன்று என்னைக் குடையத் தொடங்கியது. அவன் பொய் சொல்கிறான் என்றால், ஏன் இந்தப் பொய்யைச் சொன்னான்? தப்ப நினைக்கிறவன் "முள் அசையேல்ல, மீற்றர் பழுது" என்று சொல்வான். அதை எல்லாரும் நம்புவார்கள். எஞ்சின் வேகும்போது முள் இறங்கியது என்று யாராவது கற்பனை செய்து சொல்வார்களா? எல்லாரும் சிரிக்கப்போகிற ஒன்றை ஒருவன் சொல்கிறான் என்றால், அதைக் கண்ணால் கண்டதால்தானே சொல்லியிருக்க வேண்டும்?

என் மனைவி சுகந்தி உப்புவெளியில் ஒரு ஹொட்டேல் குசினியில் வேலை செய்கிறா. சாப்பிடும்போது அவவிடம் சொன்னேன். முள் இறங்கியதென்று சொன்னதும் அவ சிரிக்கவில்லை.

"இது எங்கட குசினியிலயும் நடக்கிறதுதானே."

"குசினியில என்ன முள்?"

"மீன் பொரிக்கிற எண்ணெய்க்குள்ள சூடு பார்க்கிற கம்பி ஒண்டு விட்டிருக்கும். எண்ணெய் குறைஞ்சு போனால் கம்பியின்ர நுனி வெளியில வந்திடும். அது சூடு குறைவெண்டு காட்டும். புதுப் பெடியள் அதைப் பார்த்து நெருப்பைக் கூட்டுவாங்கள். ஒருக்கா எண்ணெய் பத்தியே போச்சு."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. மீற்றரின் சென்சரும் ஒரு கம்பிதான். அதன் நுனி தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீரே போய்விட்டால்?

"அந்தக் கம்பியை ஒருநாளைக்குத் தருவாங்களோ?" என்று கேட்டேன்.

"கேட்டுப் பார்க்கிறன். நீங்கள் முதல்ல அந்தப் பெடியனுக்குப் போன் எடுங்கோ."

"நான் என்னண்டு..."

அவவே என் போனில் அவன் இலக்கத்தைத் தேடி அழுத்தி என் காதில் வைத்தா.

ஞாயிற்றுக்கிழமை கராஜ் பூட்டு. சாவி என்னிடம் இருந்தது. நஸீர் பஸ்ஸில் வந்தான். என்னோடு அதிகம் முகம் கொடுக்கவில்லை, ஆனால் வந்தான். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு அலுமினியப் பானை, சுகந்தி வாங்கி வந்த குசினிக் கம்பி, இவ்வளவும் வானுக்குப் பக்கத்தில். கொரோனா நேரம் வாசலில் ஆட்களின் நெற்றிக்குப் பிடிக்க வாங்கிய, துப்பாக்கி மாதிரியான காய்ச்சல் பார்க்கிற துவக்கும் அலுமாரியில் கிடந்தது. முதலில் அதைக் கொதிக்கிற தண்ணீருக்குப் பிடித்துப் பார்த்தேன். இலக்கம் வரவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து மட்டும் வந்தது. நஸீர் எட்டிப் பார்த்தான்.

"ஹாய் எண்டு போட்டிருக்கு. தண்ணி உங்களுக்கு ஹலோ சொல்லுது அண்ணன்."

மனிதக் காய்ச்சலுக்கு மேல் அந்தத் துவக்குக்குக் கணக்குத் தெரியாது. சூடு அதிகம் என்பதைத்தான் அந்த இரண்டு எழுத்தும் சொன்னதாம். எப்படியோ, அவன் அன்று என்னோடு கதைத்த முதல் கதை அது.

வான் சென்சரைக் கழற்றி, நீளமான வயர் பூட்டி, பானைக்குள் விட்டேன். சுவிற்சைப் போட்டோம். முள் அசையவில்லை. கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகிற வழி, கொடுக்கவில்லை என்று தெரிந்தது. சென்சரின் உடம்பு எஞ்சின் இரும்பில் முட்டிக்கொண்டிருந்தால்தான் அதற்கு எர்த். பானையில் ஏது? இன்னொரு வயர் கட்டியதும் முள் எழும்பியது.

அந்த இடத்தில் பழைய கார் ஒன்றும் ஞாபகம் வந்தது. இரவு லைற் போட்டால் முள் ஏறும், அணைத்தால் இறங்கும். நாங்கள் றேடியேற்றரையே மாற்றிக் கொடுத்தோம், அப்போதும் ஏறியது. டாஷ்போர்ட்டின் எர்த் வயர் துருப்பிடித்திருந்ததைக் கடைசியாகத்தான் கண்டோம். சூட்டில் ஒரு மாற்றமும் இல்லாமலேகூட முள் ஆடும். அதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

தண்ணீரை ஆறவிட்டு, மறுபடி மெல்லச் சூடாக்கினோம். நான் குசினிக் கம்பியை வாசிக்க, நஸீர் சாரதி இருக்கையில் இருந்து முள்ளைச் சொன்னான்.

"அம்பது."

"அசையத் தொடங்குது."

"அறுபத்தஞ்சு."

"கால்வாசி தாண்டிட்டு."

"எழுபத்தெட்டு."

"நடுவுல."

"எண்பத்தஞ்சு."

"நடுவுல."

"தொண்ணூறு. பார்த்துச் சொல்லு."

"பாத்துத்தான் சொல்றன். நடுவுலதான்."

தண்ணீர் கொதித்துத் தளதளத்தது. முள் அசையாமல் நடுவிலேயே நின்றது. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். நடுவுக்கு வந்த பிறகு, இவ்வளவு சூடு கூடியும் முள் ஒரு மயிரளவு நகரவில்லை. ஓட்டுகிறவர் ஒவ்வொரு ஏற்றத்திலும் பயப்படக்கூடாது என்று மீற்றரைச் செய்தவர்களே அப்படிப் படுக்க வைத்திருக்கிறார்கள் போலும். எத்தனை பேர் என்னிடம் "முள் நடுவில நிக்குது, எல்லாம் சரிதானே?" என்று கேட்டிருப்பார்கள். ஓம் ஓம் என்று அனுப்பியிருக்கிறேன். அந்த நடு இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது.

பிறகு, தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே சென்சரை வெளியே தூக்கினேன். ஆவி நேரே படாமல், பானை விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"இப்ப?"

அவன் முகத்தை டாஷ்போர்ட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"நஸீர், இப்ப எங்க நிக்குது?"

"இறங்குது. அரைவாசிக்குக் கீழ. கால்வாசி. அண்ணன், அடிக்கே போயிட்டு. தண்ணி கொதிக்கிறதா இன்னும்?"

"கொதிக்குது."

அவன் இறங்கி வந்து பானையைப் பார்த்தான், பிறகு என் கையில் இருந்த சென்சரைப் பார்த்தான். "நான் பொய் சொல்லல்ல" என்றான். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

தம்பிமாரே, இதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத நினைத்தேன். அந்த முள் எஞ்சினைப் பார்த்ததே இல்லை. அதன் நுனியை முட்டிக்கொண்டிருக்கிற தண்ணீரின் சூட்டைத்தான் அது சொல்லும். தண்ணீர் போனால் அது வெறும் காற்றைச் சொல்லும். இரும்பு பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும், முள் கீழே இறங்கும்.

திங்கட்கிழமை நஸீர் வரமாட்டேன் என்றுவிட்டான். "அக்கா முன்னுக்கு இனி நிக்கேலாது. நீங்க சொல்லுங்க." நான் சொல்வதா? பேசுவதற்குச் சொற்களைச் சேர்த்துப் பார்த்தேன், ஒன்றும் சேரவில்லை. பேசாமல் அடுப்பை மூட்டிப் பானையை வைத்தேன். முதலாளி, "என்னடா, கராஜில தேத்தண்ணிக் கடையோ?" என்றார். அக்கா வந்ததும் வானின் கதவைத் திறந்துவிட்டு, "அக்கா, ஒருக்கா ஏறி இருங்கோ" என்றேன். அவ என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு ஏறி இருந்தா.

"முள் எங்க நிக்குது அக்கா?"

"நடுவில."

சென்சரைத் தூக்கினேன். "இப்ப?"

"இறங்குது... இறங்கீட்டுது. என்னத்தைக் கழட்டினனீர்?"

"ஒண்டும் கழட்டேல்ல. தண்ணிக்கு வெளியில எடுத்தனான். தண்ணி இன்னும் கொதிக்குது, வந்து பாருங்கோ."

அக்கா இறங்கி வந்து பானைக்கு மேல் கையைப் பிடித்து, சட்டென்று இழுத்துக்கொண்டா. சைலன்ஸர்காரனும் எழும்பி வந்து நின்றான்.

"அப்ப பெடியன் சொன்னது சரி," என்றா.

"ஓம்."

முடிந்தது என்று நினைத்து மூச்சு விட்டேன். ஆனால் அக்கா அங்கேயே நின்று யோசித்தா.

"நில்லும். பானையில நடுவுக்கு வந்த முள், வான் ஓடேக்க ஏன் கால்வாசியிலயே நிண்டது? நானும் எத்தனை தரம் பக்கத்தில இருந்து வந்தனான். ஒருநாளும் நடுவுக்கு வந்ததில்லை."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. முதலாளி உடனே ஸ்பானரைத் தேடத் தொடங்கினார். பதில் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அலுமாரிக்கு மேல் பால்மா ரின்னில் இருந்தது. வால்வு இருந்திருந்தால் முள் நாள்தோறும் நடுவில் நின்றிருக்கும். நடுவில் நிற்கிற முள் பாலத்தில் அடிக்கு விழுந்திருந்தால், நஸீர் மாதிரிக் கவனமான ஒருவன் அந்த நிமிடமே நிறுத்தியிருப்பான். கால்வாசியில் கிடந்த முள் இன்னும் கொஞ்சம் சாய்ந்ததைக் கடற்காற்று என்று நினைத்தது அவன் பிழை இல்லை. முள்ளைக் கால்வாசியில் படுக்க வைத்தது நான்.

"வால்வு இல்லை அக்கா. கழட்டியிருக்கு," என்றேன்.

"ஆர் கழட்டினது?"

"நான்தான் கழட்டினனான்."

முதலாளி நிமிர்ந்தார். எனக்காகவோ தனக்காகவோ தெரியாது. "இருவது வருஷமா எல்லா வானிலயும் கழட்டுறம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல," என்றார்.

"அப்ப இருவது வருஷமா ஒருத்தரும் முள்ளைப் பார்க்கேல்ல," என்றா அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினா. "அண்டைக்கு ஏன் தலையாட்டினனீர்?"

வெட்கம் என்று சொல்லலாம். அது பதில் இல்லை. என் வெட்கத்துக்காக இன்னொருவன் துவாயோடு நடந்து போனான். அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எஞ்சினைச் செய்து, வால்வையும் பூட்டி, அந்தப் பெடியன்ர வீட்டில நீரே கொண்டுபோய் விடும். சாவியையும் நீரே குடும்," என்றுவிட்டுப் போனா.

ஹெட்டைச் சமன் செய்து, கஸ்கெற் மாற்றி, ஹோஸ்கள் எல்லாம் புதிதாகப் போட்டு முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் சென்றது. வால்வு ரின்னிலிருந்து எடுத்ததில்லை, புதிது. ஒரு பின்னேரம் வானை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தில் காற்று வானைத் தள்ளியது. முள் நடுவில் நின்றது. நஸீரிடம் என்ன சொல்வது, "ஏன் தலையாட்டினீங்க" என்று கேட்டால் என்ன பதில் என்று வழி முழுவதும் சேர்த்துக்கொண்டு போனேன்.

அவன் கேட்கவே இல்லை. உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டான், தேத்தண்ணீர் தந்தான், எஞ்சினில் என்னென்ன மாற்றியது என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். கோப்பை காலியாகியும் அவன் கேட்கவில்லை. கடைசியில் நானாகவே சொன்னேன்.

"அண்டைக்கு நான் ஒண்டும் பார்க்காமல், யோசிக்காமல் தலையாட்டினனான்."

"தெரியும் அண்ணன்," என்றான். "நானும் அங்கதானே நிண்டனான்."

பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, "வாங்க, உங்களக் கொண்டுபோய் விடுறன்" என்று எழும்பினான். நான் பக்கத்து இருக்கையில் ஏறினேன். பாலத்தில் ஏறும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"நீங்க முள்ளப் பாருங்க. நான் ரோட்டப் பாக்குறன்."

நான் குனிந்து, பாலம் முடியும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.